மடையை மாற்றினார், கடைமடை கண்டாரா?

அரசு அலுவலகத்தின் தொலைப்பேசி அவ்வலுவலகத்தின் வாயில்களுள் ஒன்று. கல்லாலும் மரத்தாலும் ஆன வாயில் காலையில் திறந்து மாலையில் மூடப்படுகிறது. அதனுள் நுழைகின்றவனைக் காவலர் பார்க்கிறார், எழுத்தர் பார்க்கிறார், அவன் எந்த அறையின்முன் எத்துணை நேரம் நின்றான் என்பதைப் பத்துப் பேரேனும் அறிவர். தொலைப்பேசி வாயிலில் நுழைகின்றவனோ எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. அவன் வந்தானா, வந்து எங்கெங்கு அலைந்தான், எந்த மூலையில் கைவிடப்பட்டான் என்பதை அவனையன்றிப் பிறர் எவரும் அறியார். அதனாலேயே அவ்வாயிலில் நடக்கும் கேடு கேட்பாரின்றிப் பெருகிக் கிடக்கின்றது.

வாயிலின் பொருளைச் செஞ்சிக் கோட்டையைக் கண்டவர் நன்கறிவர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதிலால் வளைத்து, வாயிலுக்குள் வாயில் வைத்து, வருகின்றவன் நேரே செல்லவியலாதபடி வழியை முறித்து முறித்துக் கட்டியிருக்கின்றனர். இராசகிரியின் உச்சிக்குச் சற்று முன்னே ஆழ்ந்த பாறைப்பிளவொன்று உண்டு. அதனைக் கடக்க வேண்டும்போது இட்டு வேண்டாதபோது எடுத்துவிடத்தக்க மரப்பாலம் அந்நாளில் இருந்தது. 1690 முதல் 1698 வரை முகலாயப் பெரும்படை இம்மலைகளைச் சூழ்ந்து கிடந்தும் எளிதில் உட்புக முடியாமைக்கு இவ்வமைப்பும் ஒரு கரணியம். 2025 சூலையில் யுனெசுக்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் பன்னிரண்டு கோட்டைகள் ஒருங்கே ஏறியபோது, தமிழ்நாட்டிலிருந்து ஏறியது செஞ்சி ஒன்றே. (கோன் மரபினர் எடுப்பித்ததென்று செஞ்சிவாழ் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கோட்டை, மராட்டியர் படைத்துறை அரண் என்னும் பெயரால் அப்பட்டியலில் ஏறியது தனியே எழுதத்தக்க செய்தி.) பகைவனை அலைத்து, களைப்பித்து, வந்த வழியே திரும்பிப் போகச் செய்வதற்கு அமைத்த ஏற்பாடு அது. அதே ஏற்பாட்டை, வரி செலுத்தும் குடிமகனுக்கு எதிரே, கம்பியிலும் அலையிலும் கட்டிவைத்தால் அதனை என்னவென்பது?

செஞ்சியைச் சூழ்ந்த நல்லாண்பிள்ளைபெற்றாள், மேலச்சேரி, அனந்தபுரம் போன்ற ஊர்களுள் ஏதேனும் ஒன்றில் ஒரு மூதாட்டி இருப்பதாகக் கொள்க. திங்கள்தோறும் வரவேண்டிய முதியோர் உதவித்தொகை இருமுறை வரவில்லை. பேரன் 04145 என்று தொடங்கும் ஓர் அலுவலக எண்ணை அழுத்திப் பாட்டியின் கையில் கொடுக்கிறான். மணி அடிக்கிறது. ஐந்தாறு முறை அடித்தபின் ஓசை மாறுகிறது. வேறெங்கோ மணி அடிக்கிறது. அங்கும் எடுப்பாரில்லை. பின்னர் ஒரு பெண்குரல், பதிவு செய்து வைத்த குரல், அம்மூதாட்டி அறியாத மொழியில் ஏதோ சொல்லி ஓய்கிறது, இணைப்பு அறுகிறது. மறுநாள் அவர் ஒரு நாட்கூலியை விட்டுப் பேருந்தேறிச் செஞ்சிக்கு வருகிறார். வந்தவரைப் பார்த்து, “ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வரலாகாதா, பாட்டி?” என்று கேட்பதற்கு ஆள் உண்டு. தொலைப்பேசியை எடுப்பதற்குத்தான் ஆளில்லை!

இது செஞ்சிக்கு மட்டும் உரிய காட்சியன்று. எந்த வட்டத் தலைநகரை எடுத்துக்கொண்டாலும் இக்கதையைச் சொல்வார் உளர். அந்த மூதாட்டியின் அழைப்புக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தமிழ்மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால்தான் கேள்வி கேட்க முடியும். கேள்வி கேட்டால்தான் அலுவலகம் அசையும்.

ஓர் எண்ணுக்கு வரும் அழைப்பை வேறோர் எண்ணுக்குத் தானாகச் செல்லும்படி செய்துவைக்கும் ஏந்தினை ஆங்கிலத்தில் ‘கால் பார்வர்டிங்’ என்பர். அதனை ‘அழைப்பு முன்னனுப்பல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுவாரும் உளர். முன்னனுப்பல் என்றால் என்ன பொருள்? எதற்கு முன்? எவர்க்கு முன்? ஆங்கிலேயன் தன் மொழி மரபில் மடலை ‘முன்’ அனுப்பினான் என்பதற்காகத் தமிழனும் அழைப்பை முன்னே தள்ள வேண்டுமா? ‘திருப்பியனுப்பல்’ என்றாலோ வந்தவனுக்கே மீண்டும் போவதாகப் பொருள்பட்டுவிடும். வயலில் நீர் பாய்ச்சும் உழவனைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பான். ஒரு வாய்க்காலில் வரும் நீரை வேறொரு வாய்க்காலுக்குச் செலுத்துவதை அவன் மடைமாற்றுதல் என்கிறான். எனவே இது அழைப்பு மடைமாற்றம். சொல் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. ஏரிக்கரையில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சொல்லை மட்டுமன்று, அச்சொல்லோடு வரும் அறிவையும் உழவனிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நீர்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஊருக்கொரு பெயரால் வழங்கும் அம்மனிதன் மடையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பின் மீதே நடந்து கடைமடைவரை போகிறான். நண்டு வளையில் நீர் ஒழுகுகிறதா, இடையில் எவனேனும் வாய்க்காலை வெட்டியிருக்கிறானா, கடைசிப் பாத்தி நனைந்ததா என்று கண்ணால் கண்டபின்னரே திரும்புகிறான். செஞ்சிக் கோட்டைக்குள் நிற்கும் கலியாண மகாலுக்கு மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண்குழாய் வழியே நீர் கொண்டுவந்தார்கள் என்பர். குழாய் பதித்தவன் மாளிகையில் நீர் விழுந்ததைப் பாராமலா போயிருப்பான்? அலுவலகத் தொலைப்பேசியில் மடைமாற்றுகின்றவர் மட்டும் தம் இருக்கையிலிருந்து அழைப்பு நீங்கியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிறார். அழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பது அவர் கவலையன்று. நோய் முழுவதும் இந்த ஓர் எண்ணத்தில்தான் இருக்கிறது.

மடைமாற்றம் நான்கு வகைப்படும். எவ்வழைப்பு வரினும் இங்கு மணியடிக்காமலே வேறிடம் செல்வது ஒன்று. இதனை முழுமாற்றம் எனலாம். இங்குள்ளவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் செல்வது ஒன்று. இங்கே மணியடித்தும் குறித்த நேரத்துக்குள் எடுப்பார் இல்லையெனில் செல்வது மற்றொன்று. கைப்பேசி அணைந்தோ அலை எட்டாமலோ இருப்பின் செல்வது நான்காவது. கைப்பேசிகளுக்கான பன்னாட்டு நெறியில் இவற்றுக்கு முறையே 21, 67, 61, 62 என்று எண் வகுத்திருக்கின்றனர். இரண்டு உடுக்குறி, அவ்வெண், மீண்டும் ஓர் உடுக்குறி, பிறகு செல்லவேண்டிய தொலைப்பேசி எண், இறுதியில் கட்டக்குறி என்பது அதன் எழுத்துமுறை. முழுமாற்றம் அமைந்திருக்கிறதா என்று அறிய *#21#. எல்லா மாற்றங்களையும் ஒருங்கே நீக்க ##002#. எடுப்பார் இல்லாதபோது எத்துணை நொடி காத்திருக்க வேண்டும் என்பதையும் 5 முதல் 30 வரை ஐந்தைந்தாக உயர்த்திக் குறிக்கலாம். எவ்வேந்து உண்டு, எது இல்லை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மக்கள் ‘இண்டர்காம்’ என்று சொல்லும் அலுவலகக் கிளையிணைப்பகத்தில் எண்கள் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆயின் இந்நால்வகை மாறாது.

இவற்றுள் ஓர் அலுவலகத்துக்குத் தக்கது எது? எடுப்பார் இல்லாதபோது மாறுவதும், பேச்சிடையே மாறுவதும்தாம். மணி முதலில் உரிய இருக்கையில் அடிக்க வேண்டும். இந்நாட்டில் தொலைப்பேசி மணி மூன்று நொடிக்கொருமுறை இரட்டையாக அடிக்கும்; ஐந்து முறை அடித்தால் 15 நொடி. அதற்குள் எடுக்கவில்லையெனில் பக்கத்து இருக்கைக்கு. அங்கும் இல்லையெனில் எப்போதும் ஆள் இருக்கும் இடத்துக்கு. அவ்வளவே. இதனை அமைக்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளை ஒரு மணிநேரத்தில் கற்றுக்கொள்ளும்.

நடப்பது என்ன? முழுமாற்றத்தைச் செய்துவிடுகிறார்கள். அலுவலர் வெளிப்பணிக்குச் செல்லும் நாளில் தம் கைப்பேசிக்கு அழைப்பை முழுதாக மாற்றிக்கொண்டு போகிறார். திரும்பி வந்தபின் நீக்க மறக்கிறார். அன்றுமுதல் அவ்விருக்கையிலுள்ள தொலைப்பேசி ஊமை. அதன் எதிரிலேயே ஆள் அமர்ந்திருந்தாலும் மணி அடிக்காது. “இப்போதெல்லாம் யார் ஐயா தரைவழித் தொலைப்பேசியில் கூப்பிடுகிறார்கள்?” என்று அந்த ஊமையைக் காட்டியே பேசுவாரும் உண்டு! அழைக்கின்றவர் இல்லையென்பதன்று உண்மை. அழைப்பை வேறிடம் ஓட்டிவிட்டார்கள் என்பதே உண்மை.

அடுத்தது இதனினும் கொடிது. அவ்வலுவலர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போகிறார். மடைமாற்றம் தொலைப்பேசிக் கருவியில் அன்று, இணைப்பகத்தின் நினைவில் அமைந்தது என்பதைப் பலர் அறியார். கருவியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக்கருவி மாட்டினாலும் இணைப்பகம் பழைய ஆணையையே நிறைவேற்றிக்கொண்டிருக்கும். செஞ்சிப் பக்கத்து உழவன் பட்டா மாற்றத்துக்காக அழைத்தால், மணி தூத்துக்குடியிலோ ஓசூரிலோ அடிக்கும். அங்கே எடுக்கின்றவர் முதல் பத்து நாள் பொறுமையாக “நான் இப்போது அங்கே இல்லை” என்பார். பதினோராம் நாள் முதல் எடுக்கவே மாட்டார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. பணியிடத்துக்கு வரவேண்டிய அழைப்பை ஆளுக்கு மாற்றிய முறையே பிழை. பணியிடம் ஊரில் இருப்பது, ஆள் போய்க்கொண்டிருப்பவர். மாற்றினால் பணியிடத்துக்குரிய எண்ணுக்கே மாற்ற வேண்டும். பொறுப்பொப்படைக்கும் நாளில் அலமாரித் திறவுகோலையும் முத்திரையையும் எண்ணி ஒப்படைப்பதுபோல் மடைமாற்றத்தையும் நீக்கி ஒப்படைக்க வேண்டும்.

இன்னொரு கூத்தும் உண்டு. மேலாளர் தம் எண்ணை எழுத்தருக்கு மாற்றிவைக்கிறார். எழுத்தர் தம் எண்ணை மேலாளருக்கு மாற்றிவைக்கிறார். அழைப்பு செக்குமாடுபோல் சுற்றும். சில சுற்றுக்குப் பின் இணைப்பகம் தானே சலித்து அறுத்துவிடும். அவ்வளவு நல்லறிவு பொறிக்காவது இருக்கிறது. மாற்றிய பகுதிக்கான பேச்சுக்கட்டணம் மாற்றியவர் கணக்கிலேயே ஏறும் என்பதும், வந்த அழைப்பு அலுவல் அழைப்பா வீட்டழைப்பா என்று பெறுகின்ற கைப்பேசியில் பல வேளை தெரிவதில்லை என்பதும் சிறு செய்திகள். பின்னதால்தான் பெறுகின்றவர் ‘ஏதோ தெரியாத எண்’ என்று ஒதுக்கிவிடுகிறார்.

இத்தனைப் பிழைகளும் எங்கிருந்து வருகின்றன? ஊழியர் சோம்பலிலிருந்து மட்டும் என்று சொல்வது எளிது; முழு உண்மையாகாது. கிளையிணைப்பகப் பெட்டியோடு வரும் கையேட்டைப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருக்கும். கணித்திரையில் வரும் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றைப் படித்து, எந்த வரிக்கு எப்பொருள் என்று துணிந்து, தவறினால் பழி வருமே என்று அஞ்சாமல் கைவைக்க எந்த இளநிலை உதவியாளர் முன்வருவார்? ஆகவே பெட்டி விற்றவனின் ஆளை வரவழைக்கிறார்கள். அவன் வருகிறான், தன் வசதிக்கேற்ப எதையோ அமைக்கிறான், அவன் பயன்படுத்திய கடவுச்சொல்லும் அவனோடே போகிறது. ஈராண்டு கழித்து எந்த எண் எங்கே போகிறது என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தன் வீட்டு வாயிலைத் திறந்து மூடும் முறையைத் தான் அறியாமல் பிறனிடம் விட்டவன் நிலை இது.

கையேடு தமிழில் இருந்திருந்தால்? “விடையில்லாத அழைப்பு 15 நொடியில் 12ஆம் கிளைக்குச் செல்லும்” என்று ஒரு வரி தமிழில் எழுதியிருந்தால், வாயிற்காவலரும் படிப்பார். அலுவலக உதவியாளரும் திருத்துவார். தாய்மொழியில் இல்லாத அறிவு ஒரு சிலர் கைக்குள் முடங்கும். முடங்கிய அறிவு விற்பனைக்கு வரும். விற்பவன் சொன்னதே விலையாகும். தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. கோப்பில் தமிழ் வரவேண்டும் என்று அந்நாள் தொட்டுப் போராடிவருகின்றனர். கோப்பில் ஒருவாறு வந்தது. பதிவுக்குரலில் வந்ததா? எத்தனையோ நிறுவனங்களின் அழைப்பு எண்ணை அழுத்தினால் ஆங்கிலம் ஒன்று, இந்தி இரண்டு, அவற்றுக்கும் பின்னே தமிழுக்கு ஓர் எண். தமிழ்நாட்டுக்குள் நின்று, தமிழன் செலவில், தமிழன் அழைக்கும் அழைப்பில், தமிழ் மூன்றாவதாக நிற்கிறது! அதுவும் அழைக்கின்றவன் முதலிரண்டு மொழிகளையும் கேட்டு முடித்துப் பொறுமையோடு காத்திருந்தால்தான்.

ஓர் அழைப்பைத் திருப்பிவிடும் கை யாருடைய கை என்பது எத்துணைப் பெரிய கேள்வி என்பதற்குத் தொலைப்பேசியின் வரலாற்றிலேயே ஒரு சான்றுண்டு. தொடக்கத்தில் இணைப்பகங்களில் பெண்கள் அமர்ந்து கையால் கம்பியைச் செருகி இணைத்தனர். அமெரிக்க நாட்டுக் கான்சசு நகரில் ஆல்மன் சுட்ரௌசர் என்பவர் ஈமப்பெட்டி செய்து ஈமக்கடன் நடத்தும் தொழிலர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகத்துப் பெண் தம் போட்டியாளருக்கே இணைத்துவிடுகிறாள் என்று அவர் ஐயுற்றார் என்றும், அச்சினமே அவரைத் தானே இயங்கும் இணைப்பகத்தைக் கண்டுபிடிக்கத் தூண்டிற்று என்றும் சொல்வர். அவர்க்குக் காப்புரிமை கிடைத்த ஆண்டு 1891. மறு ஆண்டே இந்தியானா மாநிலத்து இலாப்போர்ட்டு என்னும் ஊரில் அவர் முறையில் இணைப்பகம் திறக்கப்பட்டது. பிணத்துக்குப் பெட்டி செய்தவனுக்குத் தன் அழைப்பு வழிமாறுவது பொறுக்கவில்லை. உயிரோடிருக்கும் ஐந்நூறு குடிமக்களின் அழைப்பு வழிமாறுவதை ஓர் அலுவலகம் எங்ஙனம் பொறுத்துக்கொண்டிருக்கிறது?

இந்நாட்டு அறிஞரும் இத்துறையில் கைகட்டி இருந்துவிடவில்லை. 1984இல் தொடங்கிய சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு நடுவம், குளிரூட்டும் அறை இல்லாமலே சிற்றூரின் வெப்பத்திலும் புழுதியிலும் இயங்கும் சிறு இணைப்பகத்தை வடிவமைத்தது. 1986இல் கருநாடகத்துக் கித்தூரில் அது இயங்கத் தொடங்கிற்று. சிற்றூரான் நகரத்து அலுவலகத்தோடு பேச வேண்டும் என்பதற்காகவே வெயிலைத் தாங்கும் பொறியைச் செய்தார்கள். பொறி தாங்கிற்று, அலுவலகம் தாங்கவில்லை.

மடைமாற்றத்தைத் தமிழில் விளக்காமல் விட்டதன் விலையை அலுவலகங்கள் மட்டும் கொடுக்கவில்லை, வீடுகளும் கொடுத்தன. ஏய்ப்போர் கைப்பேசி நிறுவனத்தின் ஆள்போல் நடித்து அழைத்து, “உங்கள் இணைப்பு அறுந்துவிடும், *401 என்று தொடங்கி இவ்வெண்ணை அழுத்துங்கள்” என்று சொல்வர். அழுத்தியவர் தம்மையறியாமல் தம் அழைப்புகள் அனைத்தையும் கள்வனுக்கு மடைமாற்றிக் கொடுத்தவராவார். அதன்பின் வங்கி குரலழைப்பில் சொல்லும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் கள்வன் காதுக்கே போகும். இவ்வேய்ப்பு பெருகவே, ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை *401# முதலிய குறுங்கட்டளை வழியாக அமைக்கும் மடைமாற்றத்தை 2024 ஏப்பிரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. வேண்டுவோர்க்கு வேறு வழியில் அமைத்துத் தரவும் சொல்லிற்று. ஆணை சரியே. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: ‘இக்கட்டளையை அழுத்தினால் உன் அழைப்பு வேறொருவனுக்குப் போகும்’ என்னும் ஒரே வரி, அழுத்தும் முன் திரையில் தமிழில் வந்திருந்தால் எத்தனைப் பேர் தப்பியிருப்பர்! பொருள் விளங்காத குறிகளை, யாரோ சொன்னார் என்று அழுத்தும் வழக்கம் எங்கிருந்து வந்தது? பொருள் விளங்காத திரையிலேயே காலமெல்லாம் வாழப் பழக்கியதிலிருந்து வந்தது.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். “மாநிலம் முழுதுக்கும் அழைப்பு நடுவங்கள் இருக்கின்றனவே, வட்ட அலுவலகத்துத் தொலைப்பேசி எதற்கு?” என்பர் சிலர். 1100 என்னும் எண்ணில் முதலமைச்சரின் உதவி நடுவம் இருக்கிறது. மின்துறைக்கென 2021 சூன் திங்களில் மின்னகம் தொடங்கப்பட்டது. அவை நன்மையே. மின்னகம் என்று வாய்நிறையத் தமிழ்ப்பெயர் வைத்ததற்கும் பாராட்டு உரியது. ஆயின் அங்கே பதிவாகும் முறையீடு எங்கே போகிறது? உரிய ஊரின் உரிய அலுவலகத்துக்கே வருகிறது. சென்னைவரை சென்று செஞ்சிக்குத் திரும்பிவரும் அந்த முறையீடும் ஒரு மடைமாற்றமே. கடைமடை இங்கேயே இருக்கிறது. கடைமடையில் ஆளில்லாமல் தலைமடையில் நூறு பேரை அமர்த்தி என்ன பயன்? அன்றியும், எல்லாக் கேள்வியும் முறையீடு ஆகாது. ‘இன்று நெல் எடுப்பீர்களா?’ என்று மூட்டையை வண்டியில் ஏற்றுமுன் உழவன் கேட்பதற்கு முறையீட்டெண் எதற்கு? உண்டு, இல்லை என்று ஒரு சொல் போதும். அச்சொல்லைச் சொல்ல வல்லவர் அவ்விடத்திலேயே இருக்கிறார்.

“ஆள் பற்றாக்குறை” என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஒழிந்து கிடக்கும் பணியிடங்களை நிரப்பாமல், இருக்கின்றவர் தலையில் மூவர் வேலையைச் சுமத்திவிட்டுத் தொலைப்பேசியையும் எடு என்று சொல்வது கொடுமையே. ஆயினும் ஆள் குறைவான இடத்தில்தான் மடைமாற்றம் மிகத் தேவை. ஐந்து இருக்கைக்கு இருவரே இருப்பின், ஐந்து எண்ணும் அவ்விருவரிடம் வந்து முடியுமாறு அமைப்பதற்கே இவ்வேந்து வந்தது. இருக்கின்ற இருவரையும் விட்டு இல்லாத மூவரிடம் அழைப்பை அனுப்புவதற்கு ஆள் பற்றாக்குறை எங்ஙனம் கரணியமாகும்?

“எல்லாரும் நேரே அலுவலர் கைப்பேசிக்கே அழைத்துவிடுகிறார்களே” என்பது மூன்றாவது. எல்லாரும் அழைப்பதில்லை. அலுவலரின் கைப்பேசி எண்ணை அறிந்தவர் அழைக்கிறார். அதனை அறிந்தவர் யார்? ஒப்பந்தக்காரர் அறிவார், கட்சிக்காரர் அறிவார், இடைத்தரகர் மிக நன்றாக அறிவார். அறியாதவள் அந்த மூதாட்டி ஒருத்தியே. பொது எண் ஊமையானால் தனி எண்ணுக்கு விலை ஏறும். அவ்விலையை வாங்கிக்கொள்ளத் தரகன் அலுவலக வாயிலிலேயே நிற்கிறான். தொலைப்பேசி செத்துக் கிடக்கும் அலுவலகத்தின் முன்னே தேநீர்க்கடையில் கூட்டம் மிகுந்திருப்பதன் மறைபொருள் இதுவே.

தகவலறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் அலுவலர், ஊழியர் பட்டியலைத் தானே வெளியிட வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு சொல்கிறது. அப்பட்டியலோடு ஒரு வரியைச் சேர்த்து எழுதுவதில் என்ன இடர்? இவ்வெண்ணை இவர் எடுப்பார். இவர் இல்லையெனில் 15 நொடியில் இன்னாரிடம் செல்லும். மாலைக்குமேல் இன்ன அறையில் அடிக்கும். விடுமுறை நாளில் இன்ன செய்தி தமிழில் ஒலிக்கும். இதனை அலுவலக வாயிற்பலகையில் தமிழில் எழுதிவைக்கலாம். எழுதிவிட்டால் மறைக்க முடியாது. மறைக்க முடியாது என்பதனாலேயே பலர் எழுத மாட்டார்.

எனவே, எழுதும்வரை கேட்க வேண்டியது ஊரவர் கடன். செஞ்சியிலும், அதுபோன்ற வட்டத் தலைநகர்களிலும் வாழும் தமிழன்பர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து இதனைச் செய்யலாம். வேலைநாள் ஒன்றில் முற்பகல் பதினொரு மணிக்குத் தம் ஊர் அலுவலகங்களின் பொது எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள். எத்தனை முறை மணி அடித்தது, ஓசை எப்போது மாறியது, எடுத்தவர் எந்தப் பணியிடத்தவர், எந்த ஊரிலிருந்து பேசினார், பதிவுக்குரல் எந்த மொழியில் வந்தது, முதலில் வந்த மொழி எது என்பவற்றைத் தாளில் குறியுங்கள். எடுத்தவரிடம் சினந்து பேசாதீர்கள், அவர்தாம் எடுத்தவர். நண்பகலுக்குப் பின் ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை இவ்வாறே செய்யுங்கள். ஒரு கிழமை குறித்தபின் அத்தாளோடு அலுவலகத் தலைவரை நேரில் கண்டு, நும் எண்ணில் மடைமாற்றம் அமைந்துள்ளதா, அமைந்துள்ளதெனில் எவ்வகை, எந்தப் பணியிடத்துக்கு, எந்த நாள் முதல் என்னும் நான்கு கேள்விகளையும் தமிழில் எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்குங்கள். மறுமொழி முப்பது நாளில் வராவிடின் அதே நான்கு கேள்விகளைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து உருபா கட்டணத்தோடு விடுங்கள்.